ஏ போட்டிக்கு ஏற்ற சம்ப்

சாய்ந்தமருதில் ஆதம்பாவா என்று கேட்டால் நாலைந்து வீட்டைக் காட்டுவார்கள். ஏ போட்டி ஆதம்பாவா என்று கேட்டால், கேட்டவனை உட்காரவைத்து, ஒரு பிளேன்டீ கொடுத்து, தாங்கள் சிரித்து முடித்த பிறகுதான் வழி சொல்வார்கள்.

ஆதம்பாவா மூன்றாம் வகுப்புவரை படித்தவர். வாய்ப்பாட்டில் வாத்தியாருக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. வாத்தியார் பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிட்டார், ஆதம்பாவா வெளியே வந்து முன்னேறினார். பஸ் கிளீனராகத் தொங்கினார், லொறி ஓட்டினார், கடைசியில் சொந்தக் காரில் சொந்த ஹயர் ஓடினார். தன் கையால் முன்னுக்கு வந்தவனைப் பற்றிப் படித்தவர்கள் எழுதினால் முதல் வரியிலேயே கண்ணீர் வந்துவிடும். ஆதம்பாவாவுக்கு யாருடைய கண்ணீரும் தேவைப்பட்டதில்லை. புகழ்வதற்கும் வெளி ஆள் தேவைப்பட்டதில்லை. அந்த வேலையை அவர் தானே பார்த்துக்கொண்டார், ஒரு நாளும் லீவு போடாமல்.

கார், ஒஸ்டின் ஏ நாற்பது. கல்முனை ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு அப்போதிக்கரி, கண் மங்கிப்போனதால் விற்ற கார். அதை இங்கே யாரும் நாற்பது என்று தமிழில் சொல்வதில்லை. இங்கிலீசில் ஏ போட்டி. பெயரிலேயே போட்டி இருந்ததாலோ என்னவோ, அதை வாங்கிய நாளிலிருந்து ஆதம்பாவா யாரோடும் சமாதானமாக இருந்ததில்லை. பிரசவத்துக்கு ஓடியது அந்தக் கார், மையித்து வீட்டுத் துக்கத்துக்கு ஓடியது, றோட்டில் எவனும் தலை காட்டாத காலத்திலும் ஓடியது. சுனாமியன்று கடல் அதைத் தூக்கிக்கொண்டுபோய் வயல் பக்கம் வைத்தது. கழுவிக் காயவைத்து ஸ்டார்ட் பண்ணியபோது இரண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

“கடலுக்கே புடிக்கயில்ல மச்சான், திருப்பித் தந்திட்டு” என்றார் றஸாக்.

றஸாக், ஆதம்பாவாவின் மனைவியின் தம்பி; மனைவி பெயரே சித்தி லைலா. கல்முனையில் துணிக்கடை. ஓடுவதே தெரியாத புது ஹைபிரிட் கார் ஒன்று வைத்திருந்தார். சத்தம் போடாத வண்டி எப்படி வண்டியாகும் என்பது ஆதம்பாவாவின் நீண்டகாலச் சந்தேகம்.

இந்தக் கரையில் கலியாணம் என்றால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேரவேண்டும். வீடு பெண்ணுடையது, கட்டிக் கொடுப்பது வாப்பாவின் தலைவிதி. ஆதம்பாவாவுக்கு மூன்று பெண்கள். மூன்று வீடு கட்டினார். ஏ போட்டியின் நாலு டயரும் உருண்டு உருண்டு எழுப்பிய சுவர்கள் அவை. முதல் இரண்டு மருமகன்மாரையும் அவரே போய் அதே காரில் ஏற்றி வந்து வாசலில் இறக்கினார். மூன்றாவது அப்னா. அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை மருதமுனை றஸ்மி, கத்தாரில் ஏசி திருத்துகிற பிள்ளை. பேசி முடிக்க இரண்டு வீட்டாரும் கூடியிருந்த இடத்தில் றஸாக் மெல்ல வாயைத் திறந்தார்.

“மாப்பிள்ளைய என்ட கார்ல கூட்டிட்டு வருவம் மச்சான். புள்ள ஏசியில பழகினவரு.”

ஆதம்பாவா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “என்ட மருமகன்மார் ரெண்டு பேரும் ஏ போட்டியிலதான் வந்து இறங்கினவங்க. மூணாவது ஆளும் அதிலதான் வருவாரு. வேற எதிலயும் வந்தா நான் கேற்றத் தொறக்கமாட்டன்.”

மருதமுனைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சித்தி லைலா உள்ளறையிலிருந்து “படச்சவனே” என்றாள். சொன்னது சொன்னதுதான். இனி ஊருக்கே தெரியும்: ஏ போட்டி ஓடினால்தான் அப்னாவுக்குக் கலியாணம்.

கலியாணத்துக்கு நாள் நெருங்கிய ஒரு காலையில் காருக்கடியில் கறுப்பாக ஒரு குளம் தேங்கி நின்றது. சம்ப் போய்விட்டது.

சம்ப் என்பது எஞ்சினுக்கு அடியில் ஒயில் தங்குகிற தகரச் சட்டி. எஞ்சின் ஓடும்போது ஒரு பம்ப், தன் குழாயை இந்தச் சட்டிக்குள் விட்டு ஒயிலை உறிஞ்சி மேலே அனுப்பும். அது எல்லாவற்றையும் நனைத்துவிட்டுத் திரும்பக் கீழே வடியும். இவ்வளவுதான் விசயம். இதற்குமேல் தெரிந்தவர்கள் எஞ்சினியர்கள், அவர்களுடைய கார்களும் வழியில் நிற்கத்தான் செய்கின்றன.

கல்முனைக்குடியில் றுமைஸின் கராஜ். றுமைஸுக்கு ஒரு பழக்கம்: கழற்றிய நட்டை வாயில் வைத்துக்கொண்டே கதைப்பான். இன்னொரு பழக்கம், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு வேறு யாருடனோ கதைத்துக்கொண்டே முன்னால் நிற்பவருடன் கதைப்பது. காருக்கடியில் படுத்து ஸ்குரூ டிரைவரால் சம்பைத் தட்டிப் பார்த்தான். ஸ்குரூ டிரைவர் உள்ளே போய்விட்டது.

“காக்கா, கடல் தண்ணி அண்டைக்குத் தொடங்கின வேலய இண்டைக்குத்தான் முடிச்சிரிக்கி” என்றான். காக்கா என்றால் இங்கே அண்ணன். “மூணு வழி இரிக்கி. ஒண்டு, இதுக்கு ஒட்டுப் போடலாம். தகரம் கடுதாசி மாதிரிப் போயிட்டு. ஒரு ஓட்டைய அடைச்சா பக்கத்தில ரெண்டு விழும். மத்தது, கொழும்புல பஞ்சிகாவத்தையில பழைய சம்ப் எடுக்கலாம். கம்பனிச் சாமான், அப்படியே பூட்டலாம்.”

“மூணாவது?”

றஸாக் அந்த நேரம் பார்த்து டயருக்குக் காற்றடிக்க வந்திருந்தார். தற்செயலாகத்தான். அவர் எப்போதும் தற்செயலாகத்தான் வருவார். “பஞ்சிகாவத்தையில எனக்குக் கூட்டாளி ஒருத்தன் இரிக்கான் மச்சான். ஒரு கோல் எடுத்தா நாளைக்கே பஸ்ஸில போட்டுவிடுவான்.”

இரண்டாவது வழி அந்த இடத்திலேயே செத்துப்போனது.

“மூணாவது என்னடா எண்டு கேட்டன்” என்றார் ஆதம்பாவா.

மூன்றாவது, புதுச் சம்ப். பேஸ்புக்கில் பழைய கார் வைத்திருக்கும் கனவான்களின் பக்கம் ஒன்று உண்டு. அந்தக் கனவான்கள் காரை ஓட்டுவதைவிடத் துடைப்பது அதிகம்; துடைப்பதைவிடப் படம் எடுப்பது அதிகம். அதிலே ஒருவர் அலுமினியத்தில் வார்த்த சம்ப் ஒன்றை விற்பனைக்குப் போட்டிருந்தார். அடியில் வரிவரியாகச் செதிள், கம்பனிச் சம்பைவிட நல்ல ஆழம். கூட எழுதியிருந்த இங்கிலீசை ஆதம்பாவா வாசிக்கவில்லை. கீழே விழுந்திருந்த இதயங்களின் எண்ணிக்கையை வாசித்தார்.

“பெரிய சட்டி, கூடின ஒயில், குளிர்ந்த எஞ்சின். இதுக்கு என்ன படிப்பு வேணும்?” என்றார்.

றஸாக் தன் போனைத் தடவிக்கொண்டிருந்தார். “ரேஸ் காருக்கு டிறை சம்ப் எண்டு ஒண்டு இரிக்காம் மச்சான். சம்புக்குள்ள ஒயிலே நிக்காதாம். வேற டேங்கில நிக்குமாம்.”

“ஒயில் நிக்காட்டி அதுக்கு என்னத்துக்குச் சம்ப்? அப்ப என்டயும் இப்ப டிறை சம்ப்தான். ஒயில் முழுக்க றுமைஸ்ட நிலத்தில நிக்கி.”

வீட்டில் சித்தி லைலா இரண்டே வரியில் முடித்தாள். “சட்டி ஓட்டையெண்டா சட்டி வாங்குங்க. கலியாண வேலையெல்லாம் கிடக்கக்குள்ள ஏன் மாநாடு?”

அலுமினியச் சம்ப் வந்தது. ஆதம்பாவா அதை முன்னறையில், கலியாணத்துக்கு வந்த பீங்கான் சாமான்களுக்குப் பக்கத்தில் வைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். ஒரு பெரியம்மா அதில் புரியாணி போடலாமா என்று கேட்டாள்.

றுமைஸ் அதைப் பூட்டினான். வாயில் நட்டு, தோளில் போன், போனில் மனைவி. காருக்கடியிலிருந்து ஊர்ந்து வந்து சொன்னான்:

“காக்கா, ஆழம் கூடிட்டு. பம்பப் பாக்கணும். பாக்காம ஓடிராதீங்க. மறுகா வாங்க, இப்ப ஜும்ஆவுக்கு நேரமாகிட்டு.”

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது இந்த ஊரில் பம்ப். எஞ்சினுக்குள் ஒயில் இறைப்பதும் பம்ப். பள்ளிக்கூடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் முன்னால் வேகத்தைக் குறைக்க றோட்டுக்குக் குறுக்கே போட்டிருக்கும் தார்மேடும் பம்ப்தான். வெள்ளைக்காரன் இறைக்கிறதுக்கும் மேட்டுக்கும் வேறு வேறு எழுத்து வைத்திருக்கிறானாம். நமக்கு ஒரே எழுத்து. றுமைஸ் சொன்னது எஞ்சினுக்குள் இருக்கும் பம்பை. சட்டி ஆழமாகிவிட்டதால், ஒயிலை உறிஞ்சும் குழாயையும் அதற்கேற்ப நீட்ட வேண்டும் என்பதைத்தான் அவன் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னான். ஆதம்பாவாவின் காதில் விழுந்தது றோட்டில் கிடக்கும் பம்ப். சம்ப் கீழே இறங்கிவிட்டது, மேட்டில் இடிக்கும், பார்த்து ஓட்டு என்று அவன் சொன்னதாக.

அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “என்னப் பாத்து, பம்பப் பாத்து ஓடு எண்டு சொல்றான்! இவன் தொட்டில்ல மூத்திரம் பெய்யக்குள்ள நான் மஹியங்கன வளைவால இறங்கினவன்!” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மறுகா போகவில்லை. போவாரா?

ஒயிலைத் தானே ஊற்றினார். ஏ போட்டி எவ்வளவு குடிக்கும் என்று அவருக்குத் தெரியாதா? பழைய சம்புக்கு ஊற்றுகிற அதே அளவு. பிறகு அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தார். கம்பியில் ஒயிலே படவில்லை. வேறு யாராவது என்றால் பயந்துபோய் இன்னும் ஊற்றியிருப்பார்கள். ஆதம்பாவா யோசிக்கத் தெரிந்தவர். சட்டி ஆழமாகிவிட்டது, கம்பி பழையது, எட்டவில்லை, குறை கம்பியில். பழைய குடைக்கம்பி ஒன்றை நேராக்கி, நீளமாக ஒரு அளவுக் கம்பி செய்து உள்ளே விட்டார். அடிவரை போய், பளபளவென்று ஒயிலோடு வந்தது.

“பாத்தியா?” என்று சித்தி லைலாவிடம் நீட்டினார்.

“நல்லா இரிக்கி. தரையில சொட்டாதீங்க” என்றாள் அவள்.

ஆக, பார்க்கிற கம்பி ஆழத்துக்கேற்ப நீண்டுவிட்டது. குடிக்கிற குழாய் பழைய நீளத்திலேயே, ஒயிலின் மேற்பரப்பை மூக்கால் மோந்துகொண்டு நின்றது.

கலியாணத்தன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு ஏ போட்டி மருதமுனைக்குப் புறப்பட்டது. டாஷ்போட் முழுக்கப் பிளாஸ்டிக் றோசாவும் தங்கச் சரிகையும். ஒயில் அமுக்கம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று அந்தக் காரில் உண்டு. அன்று அது ஒரு பெரிய றோசாவுக்குப் பின்னால் ஓய்வெடுத்தது. போகும்போது ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் குளிர்ந்திருந்தது, ஒயில் தடிப்பாக இருந்தது, காரில் அவர் மட்டும். வழியில் இருந்த பம்பையெல்லாம் அவர் பழைய பழக்கத்தில் தூக்கிப் போட்டுக்கொண்டே போனார்.

திரும்பும்போது கதை வேறு. பின் சீட்டில் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக றஸ்மி. பாரத்தில் கார் தாழ்ந்தது. புதுச் சம்ப் மேட்டில் உரசிவிடக் கூடாதே என்று ஆதம்பாவா பம்புக்குப் பம்ப் பிறேக்கை அமத்தி, ஊர்ந்து, ஏறி, இறங்கினார். அவ்வளவு மரியாதையாக இந்த றோட்டில் யாரும் ஓட்டியதில்லை. ஒவ்வொரு பம்பிலும் ஏ போட்டி மூக்கைக் குனிந்து ஸலாம் சொன்னது. குனியும்போதெல்லாம் சட்டியில் கிடந்த ஒயில் முன்பக்கம் ஓடியது. பின்பக்கம் நின்ற குழாய் காற்றைக் குடித்தது. பின்னால் றஸாக்கின் ஹைபிரிட்டும் நாலைந்து வேனும் வரிசையாக ஊர்ந்தன.

“மாமா, ஏதோ டொக்கு டொக்கெண்டு கேக்கி” என்றான் றஸ்மி.

“பின்னால வேன்ல றபான் அடிக்காங்க மருமகன்.”

“றபான் ஒண்டும் கொண்டு வரல்லயே மாமா.”

“அப்ப கைதட்டுறாங்க.”

பாண்டிருப்பில், ஒரு பம்பும் இல்லாத நல்ல சமதரையில், ஏ போட்டி ஒரு பெரிய மூச்சு விட்டு நின்றது. திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் ‘க்ளிக்’ என்பதோடு சரி. பொனட்டுக்குக் கீழிருந்து சுட்ட வாசம் வந்தது.

கடை வாசல்களில் ஆட்கள் சேர்ந்தார்கள். நெல் மூடைகளை மில்லில் இறக்கிவிட்டு வெறும் பெட்டியோடு லேண்ட்மாஸ்டர் உழவு மெசினில் வந்த சாமித்தம்பி ஓரமாக நிறுத்தினார். அவர் கலியாணத்துக்கும் மாப்பிள்ளையாக அவரைச் சுமந்தது இதே ஏ போட்டிதான். ஆதம்பாவா போனை எடுத்து றுமைஸுக்கு அடித்தார். காது கேளாதவருக்குச் சொல்வதுபோல், ஸ்பீக்கரில்.

“என்னடா பூட்டினாய்? நடுறோட்டில நிக்கி!”

“காக்கா, நான் சொன்ன மாதிரி பம்பப் பாத்தீங்களா?”

“பாத்தன்டா! மருதமுனையில இரிந்து ஒரு பம்பையும் விடாமப் பாத்தன். ஒரு உரசல் இல்ல, ஒரு கீறல் இல்ல!”

“காக்கா… எந்தப் பம்ப்?”

“றோட்டில கிடக்கிற பம்ப்!”

“நான் சொன்னது ஒயில் பம்ப். குழாய நீட்டணும், மறுகா வாங்க எண்டு சொன்னனே. ஒயில் முழுக்க அடியில கிடக்கி, எஞ்சினுக்குச் சொட்டும் ஏறயில்ல. எஞ்சின் சூட்டில இறுகிப் புடிச்சிட்டு காக்கா.”

“நட்ட வாயால எடுத்துப்போட்டுச் சொல்லியிரிக்கணும்!” என்று கத்திவிட்டு ஆதம்பாவா போனை அணைத்தார். மட்டக்களப்புக்கும் பொத்துவிலுக்கும் நடுவில் இவ்வளவு பெரிய ஒயில்சட்டி வைத்த கார் வேறு இல்லை; அதுதான் ஒரு சொட்டு ஒயில் இல்லாமல் மௌத்தானது.

ஹைபிரிட் சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது; குளிர்காற்றும் றஸாக்கும் வெளியே எட்டிப் பார்த்தார்கள்.

“மச்சான், பரவாயில்ல. மாப்பிள்ளைய இஞ்சால ஏத்துங்க. கலியாணப் பதிவுகாரர் வந்து காத்துக்கிட்டு இரிக்காராம்.”

ஊர் முழுக்கச் சொன்ன சொல் நடுறோட்டில் சூடாறிக்கொண்டிருந்தது. றஸ்மி இறங்கினால் கலியாணம் நடக்கும். ஆனால் ஆதம்பாவா என்ற பெயரை இனி றஸாக் சிரிக்காமல் உச்சரிக்கமாட்டார்.

அவர் திரும்பி மருமகனைப் பார்த்தார். மருமகன் வேர்த்து ஊற்றிக்கொண்டு, ஹைபிரிட்டின் திறந்த கண்ணாடியை ஒரு தரம் பார்த்தான். தொழிலே ஏசி, அந்தக் காற்றின் அருமை அவனுக்குத் தெரியும். ஆனால் றஸாக்கின் காரில் இருக்கப்போவது இன்னும் கொஞ்ச நேரம், மாமனார் கட்டிய வீட்டில் இருக்கப்போவது கடைசிவரை. அந்தக் கணக்கை எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

“நான் இறங்கல்ல மாமா” என்றான். “ஏதாவது செய்ங்க. ஆனா கெதியாச் செய்ங்க.”

சாமித்தம்பி மூடை கட்டும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார். “என்ன காக்கா, குதிர படுத்திட்டா? என்ட மாட்டப் பூட்டுவமா?”

“கிண்டல மறுகா வெச்சிக்க சாமித்தம்பி. கட்டு.”

கயிறு கட்டியாயிற்று. முன்னால் லேண்ட்மாஸ்டர் புகை கக்கித் துடிதுடிக்க, பின்னால் ஏ போட்டி பிளாஸ்டிக் றோசாவோடு வர, அதற்குப் பின்னால் ஹைபிரிட் முதன்முறையாக லேண்ட்மாஸ்டரின் வேகத்தில் வந்தது. கல்முனைப் பட்டினம் முழுக்கப் போனை உயர்த்திப் பிடித்தது. ஆதம்பாவா ஸ்டியறிங்கை விடவில்லை. ஹோனையும் விடவில்லை, பெற்றறிக்கு ஒன்றும் ஆகவில்லையே. முன்னால் ஒரு மேடு வந்ததும் பழக்கதோசத்தில் தலையை வெளியே நீட்டி, “பம்ப்! பம்ப்!” என்று கத்தினார்.

“எது காக்கா?” என்று சாமித்தம்பி திரும்பிக் கேட்டார். “இறைக்கிறதா, ஏறுறதா?”

பொறுமை தீர்ந்த றஸாக் கல்முனைக்குடியில் முந்திக்கொண்டு போனார். ஏ போட்டி சாய்ந்தமருதுக்குப் போய்ச் சேரும்போது அவர் எல்லாக் கதையையும் சொல்லி முடித்திருந்தார். றோட்டுப் பக்கத்துக் கேற் மூடியிருந்தது. கேற்றுக்கு உள்ளே சித்தி லைலா, பட்டுச்சாறியோடு, கொளுக்கியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு ஊர்ச் சனமும்.

“இஞ்சாருங்க” என்றாள் சனத்துக்கெல்லாம் கேட்கும்படி. “மாப்பிள்ள ஏ போட்டியில வந்தாரா, லேண்ட்மாஸ்டர்ல வந்தாரா? சரியாச் சொல்லுங்க. கேற்றத் தொறக்கிறதா, இல்லயா?”

“மாப்பிள்ள எதுக்குள்ள இரிக்காரு எண்டு நீயே வந்து பாரு.”

அவள் கேற் கம்பிகளுக்கிடையால் எட்டி, பின் சீட்டை நன்றாகப் பார்த்தாள்.

“வேர்வைக்குள்ள இரிக்காரு” என்றாள்.

சிரிப்பில் கேற் தானாகவே திறந்துகொண்டதா, அவள் திறந்தாளா என்று யாரும் கவனிக்கவில்லை. மேல்மாடி ஜன்னலில் கலியாண உடுப்போடு நின்ற அப்னா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஆனால் பந்தல் மறித்ததால் லேண்ட்மாஸ்டர் வளவுக்குள் போக இடமில்லை. சாமித்தம்பி கயிற்றை அவிழ்த்தார். வீட்டு வாசலுக்கு இன்னும் கொஞ்சம் தூரம். மாப்பிள்ளை இறங்கி நடந்தால் சொன்ன சொல் கால்வாசி குறையும். ஆதம்பாவா இறங்கவில்லை, யாரையும் இறங்கவிடவும் இல்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வெள்ளைச் சட்டையோடு றஸாக் நின்றார்.

“மச்சான்” என்றார் ஆதம்பாவா, “நல்லாத் தள்ளுங்க. மருமகன் இரிக்காரு.”

றஸாக் சுற்றிப் பார்த்தார். இரண்டு ஊரும் அவரைப் பார்த்தது. கையை மடித்துக்கொண்டு வந்து ஏ போட்டியின் முதுகில் தோளைக் கொடுத்தார். கார் மெல்ல உருண்டது. உள்ளே ஆதம்பாவா ஹோனை அமத்தியபடி, இரு பக்கமும் நின்றவர்களுக்குக் கையைக் காட்டிக்கொண்டு, சொன்ன சொல்லை வாசல்வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தார்.

“ஊதினது போதும், இறங்குங்க” என்றாள் சித்தி லைலா. “பதிவுகாரர் காத்திரிக்காரு.”

அவர் இறங்கி, பின்கதவைத் திறந்துவிட்டார்.